மாதத்துக்கு 720 மணி நேரம்

ஒரு மாதத்துக்கு 720 மணி நேரம். படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவர் வீட்டுக்குச் செவிலியர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருகிறார், வந்தால் முக்கால் மணி நேரம் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் மாதம் ஒருமுறை அரை மணி நேரம். ஆக மொத்தம் இரண்டு மணி நேரம். மிச்சமுள்ள 718 மணி நேரமும் அந்த வீடு தனியாகத்தான் சமாளிக்கிறது. வலி ஏறுவது, புண்ணில் ரத்தம் கசிவது, சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொள்வது, ராத்திரி இரண்டு மணிக்குப் பயம் பிடிப்பது எல்லாம் அந்த 718-க்குள்தான் நடக்கின்றன. நாள்பட்ட, குணமாகாத நோயோடு இருப்பவரின் வலியையும் அவதியையும் குறைக்கும் நோய் ஆதரவுப் பணியில் (பாலியேட்டிவ் கேர்) தன்னார்வலர்களுக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும் முதலில் இந்தக் கணக்கைச் சொல்லிவிடுவது நல்லது.

நமக்குப் பக்கத்தில் இந்தக் கணக்குக்கு விடை தேடியவர்கள் கோழிக்கோட்டுக்காரர்கள். 1993-இல் அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியவர்கள் பெயின் அண்ட் பாலியேட்டிவ் கேர் சொசைட்டியைத் தொடங்கினார்கள். கடும் வலிக்கான மருந்தான மார்ஃபின் வாய்வழியாகக் கிடைத்தது, வலி அடங்கியது, நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். ஆனால் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களால் பஸ் ஏறி வர முடியவில்லை. அடுத்த சில ஆண்டுகளில், முக்கியமாக மலப்புறம் மாவட்டத்தில், ஊர்க்காரர்களே குழுவாகச் சேர்ந்து இந்த வேலையை வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு நெய்பர்ஹுட் நெட்வொர்க் (அக்கம்பக்கத்தார் வலைப்பின்னல்) என்று பெயர் வந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்க முடிகிற யாரும் சேரலாம். 16 மணி நேர வகுப்பு, நோயாளிகளோடு நான்கு நாள் நேரடிப் பயிற்சி, முடிவில் ஒரு மதிப்பீடு. தேறியவர்கள் 10, 15 பேராகக் குழு அமைத்து, தங்கள் பகுதியில் நாள்பட்ட நோயோடு கிடப்பவர் யார் யார் என்று தேடத் தொடங்குவார்கள். பணத்தில் பெரும்பங்கு உள்ளூரிலேயே சிறுகச் சிறுகத் திரட்டியது. செவிலியரின் சம்பளமும் வண்டி வாடகையும் அதிலிருந்துதான் போயின. 2008-இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. உள்ளாட்சிகள் செவிலியரை அமர்த்தி வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு பரவியது. 2010-இல் எகனாமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவான எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் 40 நாடுகளின் இறுதிக்காலப் பராமரிப்பை ஒப்பிட்டபோது இந்தியா நாற்பதாவது இடத்தில் இருந்தது. அதே அறிக்கை கேரளத்தை மட்டும் நம்பிக்கை தரும் இடமாகத் தனித்துக் காட்டியது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே வரும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. அரசு ஆள் அனுப்புகிறது, மருந்து தருகிறது. மேலே போட்ட கணக்கு மட்டும் அப்படியேதான் நிற்கிறது. அந்த 718 மணி நேரத்தில் ஒரு பங்கையாவது ஏற்பது ஊரின் பொறுப்பு.

யாரைத் தேடுவது என்பதிலேயே பல குழுக்கள் தடுமாறும். நோய் ஆதரவு என்றாலே புற்றுநோய் என்று ஒரு நினைப்பு. வீடு வீடாகப் போய்ப் பார்த்தால் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர், மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்ட இளைஞர், சிறுநீரகம் செயலிழந்தவர், பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிற பழைய நெசவாளி, மறதி நோயில் தன் மகளையே அடையாளம் தெரியாத பாட்டி என்று வரிசையாக வருவார்கள். ரேஷன் கடைக்காரர், டீக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுபவர், மகளிர் குழுத் தலைவி ஆகிய நான்கு பேரைக் கேட்டால் ஒரு வார்டில் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும். "ரொம்ப நாளா வெளியில பார்க்கலையே, எப்படி இருக்காங்க?" என்ற கேள்வியே போதும்.

முதல் தடவை போகும்போது இரண்டு பேருக்கு மேல் போகவேண்டாம். ஐந்து பேர் கட்டிலைச் சுற்றி நின்றால் நோயாளிக்குத் தன் கடைசி நாள் வந்துவிட்டதோ என்று தோன்றும். பெண் நோயாளி என்றால் இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும். நின்றுகொண்டு பேசாதீர்கள், நாற்காலி இல்லையென்றால் தரையில் உட்காருங்கள். உட்கார்ந்து பேசியவர், அதே அளவு நேரம் நின்று பேசியவரைவிட அதிக நேரம் இருந்ததாக நோயாளிக்குத் தோன்றும். செல்போனைப் பையில் போட்டுவிடுங்கள். படம் எடுக்கவே கூடாது. குழுவின் நற்பெயருக்காக, நன்கொடை கேட்பதற்காக என்று எந்தக் காரணம் சொன்னாலும் சரி, அரைத்துணியோடு கிடக்கும் மனிதரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது அவருடைய மானத்தைக் காசாக்குவது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

வீட்டிலேயே ஒரு நோட்டு வைத்துவிட வேண்டும். தேதி, வலி எவ்வளவு, மலம் போய் எத்தனை நாள், சிறுநீர் போகிறதா, தூக்கம், புண்ணின் நிலை, மிச்சமுள்ள மாத்திரைகளின் எண்ணிக்கை. வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லச் சொன்னால் வயதானவர்கள் குழம்புவார்கள். "தாங்கவே முடியாத வலி ஒரு ரூபான்னா, இப்ப எத்தனை பைசா இருக்கும்மா?" என்று கேளுங்கள், உடனே பதில் வரும். நேற்று எழுபது பைசா, இன்று முப்பது பைசா என்று தொடர்ச்சியாக எழுதிவைத்த நோட்டு ஒன்று போதும். செவிலியர் வந்து விசாரிக்கிற நேரம் பாதியாகக் குறையும்.

இனி, படுக்கைப் புண். தன்னார்வலர் ஒரே ஒரு காரியம்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் இதைக் கற்றுக்கொள்ளட்டும்.

எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில் தோல் நெடுநேரம் அழுந்தினால் அங்கே ரத்த ஓட்டம் நின்று சதை செத்துப்போகிறது. முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் இரு பக்கம், குதிகால், கணுக்கால், தோள்பட்டை, பின்மண்டை. தினமும் இந்த இடங்களைப் பார்க்கவேண்டும். புத்தகங்களில் சிவப்பாகும் என்று எழுதியிருக்கும். நம் தோல் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ, ஊதா கலந்தோ இருக்கும். புறங்கையால் தொட்டால் அந்த இடம் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ தோன்றும். தோல் கிழியும் முன்பே இதைக் கண்டுபிடித்துவிட்டால், அந்தப் பக்கம் படுக்கவிடாமல் பார்த்துக்கொண்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். தவறவிட்டால், கையளவு குழியாகி எலும்பு தெரிகிற நாளும் வரும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சொல்வது சுலபம், வீட்டில் நடப்பதில்லை. காரணம் சோம்பல் கிடையாது. யார், எப்போது, எந்தப் பக்கம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. தினசரி காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் "6 இடது, 8 மல்லாக்க, 10 வலது" என்று எழுதிக் கட்டிலுக்கு நேரே சுவரில் ஒட்டுங்கள். புரட்டியவர் ஒரு கோடு போடட்டும். ஒருக்களிக்கும்போது முழுவதுமாகச் சாய்த்தால் இடுப்பெலும்பு அழுந்தும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை முட்டுக்கொடுத்து 30 டிகிரி அளவுக்குச் சாய்த்தால் போதும். மல்லாந்து படுக்கும்போது கெண்டைக்காலுக்கு அடியில் மடித்த போர்வை வைத்தால் குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கும். மேலே நகர்த்துவதற்கு அக்குளைப் பிடித்து இழுக்கக்கூடாது. இழுக்கும்போது விரிப்பில் உரசியே பாதித் தோல் உரிகிறது. நாலாக மடித்த வேட்டியை முதுகிலிருந்து தொடைவரை அடியில் விரித்துவிட்டால், இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வேட்டியோடு தூக்கி நகர்த்தலாம்.

தவறாமல் நடக்கும் தவறுகள் சில உண்டு. கறுத்த இடத்தைத் தேங்காயெண்ணெய் தடவி அழுத்தித் தேய்ப்பார்கள்; ஏற்கெனவே நொந்த சதை இன்னும் நைந்துபோகும். காற்றடைத்த வளையத்தின் மேல் உட்காரவைப்பார்கள். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்தம் போகவிடாது. வாட்டர் பெட் வந்துவிட்டது, இனிப் புரட்டவேண்டாம் என்று நினைப்பார்கள். வாட்டர் பெட் வந்தாலும் புரட்டத்தான் வேண்டும். அதில் தண்ணீரை முட்ட முட்ட நிரப்பினால் மேளம் மாதிரி விறைத்துக்கொண்டு சாதாரணப் பலகையாகிவிடும், குறைந்தால் இடுப்பு அடியில் தட்டும். நோயாளி படுத்திருக்கும்போது இடுப்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் இடித்தால் தண்ணீர் போதவில்லை. மின்சாரத்தில் ஓடும் ஏர் பெட்டில் வேறு சிக்கல். கரண்ட் போனால் பல மெத்தைகளில் காற்று இறங்கிவிடும். மின்வெட்டு அதிகமுள்ள ஊருக்கு வாட்டர் பெட்டே தேவலை. எந்த மெத்தையானாலும் அதன்மேல் ரப்பர் ஷீட், கம்பளி, இரண்டு பெட்ஷீட் என்று அடுக்கினால் போட்ட காசு வீண்; ஒரே ஒரு மெல்லிய பருத்தி விரிப்பு போதும்.

வாய், மார்பு, கழுத்து ஆகிய இடங்களில் வரும் புற்றுப் புண்ணில் வலியைவிட நாற்றம்தான் மனிதரைக் கொல்கிறது. பேரப்பிள்ளைகள் அறைக்குள் வரமாட்டார்கள். சொந்தக்காரர்கள் வாசலிலேயே விசாரித்துவிட்டுப் போவார்கள். கட்டில் மெதுவாகக் கொட்டகைக்கோ மாட்டுத் தொழுவத்தின் பக்கத்துக்கோ நகரும். இந்த நாற்றத்துக்கு மருந்து இருக்கிறது, விலையும் மிகக் குறைவு என்பது பெரும்பாலான வீடுகளுக்குத் தெரியாது. புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையை மாவாகப் பொடித்துத் தூவிக் கட்டினால், சில நாளில் அறையின் காற்றே மாறிவிடும். செவிலியர் பார்த்துச் சொன்னபின்தான் தொடங்கவேண்டும். தொடங்கியபின் தினமும் செய்வது வீட்டாரும் தன்னார்வலரும்.

கழுவுவதற்கு உப்புத் தண்ணீரை வீட்டிலேயே செய்யலாம். அரை லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு, நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடிவைத்து ஆறவிட வேண்டும். அன்றன்றைக்குச் செய்து, மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். துணிக்குப் பழைய பருத்தி வேட்டியோ புடவையோ போதும். துவைத்து, காயவைத்து, உள்ளங்கை அளவுக்கு வெட்டி, சிறு பொட்டலங்களாகத் துணியில் கட்டி, பிரஷர் குக்கரில் தண்ணீருக்கு மேலே தட்டு வைத்து அதில் அடுக்கி, ஆவி வந்தபின் அரை மணி நேரம் வைத்தால் சுத்தமான கட்டுத்துணி தயார். தண்ணீர் துணியைத் தொடக்கூடாது. நனைந்த பொட்டலம் மறுபடி கெட்டுப்போகும். கட்டுப் பிரிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே வலி மாத்திரை கொடுத்திருக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காமல் உப்புத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து எடுக்கவேண்டும். பிய்த்தால் ரத்தம் வரும்.

ரத்தம் என்றவுடன் ஒன்று. கழுத்துப் புண்ணில் திடீரென்று ரத்தம் பீறிடும் ஆபத்து இருக்கிறது என்று செவிலியர் சொல்லியிருந்தால், கருஞ்சிவப்பு அல்லது கரும்பச்சை நிறத் துண்டு இரண்டை எப்போதும் கட்டிலருகே வைத்திருங்கள். வெள்ளைத் துண்டில் ஒரு கரண்டி ரத்தம் ஒரு குடம் மாதிரித் தெரியும். நோயாளியும் வீட்டாரும் மிரண்டுபோவார்கள். நிறத் துண்டில் அந்த மிரட்சி இல்லை, கை நடுங்காமல் அழுத்திப் பிடிக்க முடியும்.

ஈ மொய்த்தால் புண்ணில் புழு வைக்கும். இதை அந்த வீடு பாவம், சாபம் என்றே எடுத்துக்கொள்ளும். ஈ முட்டையிட்டது, அவ்வளவுதான் காரணம் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பகலிலும் கொசுவலை கட்டுவது நல்ல தடுப்பு. புழு வந்துவிட்டால் டர்பன்டைன் நனைத்த துணியைப் புண்ணின் ஓரத்தில் வைத்து, வெளியே வரும் புழுக்களை எடுப்பார்கள். அது செவிலியரின் வேலை. வீட்டார் அவசரப்பட்டுப் புண்ணுக்குள்ளேயே ஊற்றிவிடுவார்கள், எரிச்சல் உயிர்போகும். தடுத்துவிடுங்கள்.

மார்ஃபினைத் தன்னார்வலர் கொடுப்பதும் இல்லை, அளவு மாற்றுவதும் இல்லை. ஆனால் மார்ஃபினைப் பற்றி வீட்டார் கேட்பதெல்லாம் தன்னார்வலரிடம்தான். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை நான்கு மணி நேரம்தான். அதனால் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று கடிகாரம் பார்த்துக் கொடுக்கவேண்டும். நள்ளிரவில் எழுப்பாமல் இருக்க இரவு பத்து மணிக்கு இரட்டை அளவு எழுதித் தருவது வழக்கம். வீட்டில் என்ன நடக்கும் என்றால், "இப்ப வலி இல்லையே, எதுக்கு மாத்திரை" என்று நிறுத்துவார்கள். வலி மறுபடி உச்சிக்குப் போனபின் கொடுப்பார்கள், மருந்து வேலை செய்யவில்லை என்பார்கள். மருந்து வேலை செய்துகொண்டிருந்ததால்தான் வலி இல்லை என்று பொறுமையாக, நாலைந்து தடவையானாலும் விளக்கவேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், தானே குறையும். மலச்சிக்கல் குறையாது, அதற்கான மாத்திரை கூடவே தினமும் போகவேண்டும். மூன்று நாள் மலம் போகாவிட்டால் செவிலியருக்குப் போன் செய்யுங்கள். எழுப்பியும் எழவில்லை, மூச்சு மிகவும் மெதுவாகிவிட்டது என்றால் உடனே, அந்த நிமிடமே கூப்பிடவேண்டும். "இது கடைசி மருந்தாமே?" என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. மார்ஃபின் ஆரம்பித்து மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் எழுந்து நடமாடி வேலைக்குப் போகிறார்கள் என்று சொல்லுங்கள். 1985-இன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு இந்த மருந்து கிடைப்பதே அரிதாகி, 2014-இல் திருத்தம் வந்தபின்தான் வழி கொஞ்சம் லேசானது. அதனால் ஒவ்வொரு மாத்திரைக்கும் கணக்கு உண்டு.

சிறுநீர்க் குழாயோடு மாட்டியிருக்கும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவேண்டும், தரையில் படக்கூடாது. நோயாளியை நாற்காலிக்கு மாற்றும்போது பையை வயிற்றின் மேல் வைத்துத் தூக்குவார்கள். பையிலுள்ளது திரும்ப உள்ளே போய்க் காய்ச்சலில் கொண்டுவிடும். பை காலியாகவே இருந்தால் முதலில் குழாய் தொடைக்கு அடியில் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மூக்குக் குழாயில் கேழ்வரகுக் கஞ்சி கொடுக்கும்போது வடிகட்டி, நீர்க்கக் கரைத்து, தலையை உயர்த்தி வைத்துக் கொடுத்து, அரை மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். கடைசியில் வெறும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவாவிட்டால் மறுநாள் அடைத்துக்கொள்ளும்.

பேச்சுதான் எல்லாவற்றிலும் கடினம். வாசலிலேயே மகன் நிறுத்திச் சொல்வார்: "அப்பாவுக்கு கேன்சர்னு தெரியாதுங்க. வயித்துப் புண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கோம். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க." அவரைக் கோபித்துக்கொள்ள எதுவும் இல்லை, அன்பினால் சொல்கிறார். "நானா எதுவும் சொல்லமாட்டேங்க. ஆனா அவரா கேட்டா பொய் சொல்ல என்னால முடியாது. டாக்டரையும் வெச்சு ஒருநாள் பேசுவோம்" என்பது அவருக்குச் சொல்லக்கூடிய பதில். உள்ளே போனால் பெரியவர் கேட்பார்: "தம்பி, எனக்கு என்னதான் ஆச்சு? யாரும் சொல்லமாட்டேங்கறாங்க." அப்போது விளக்கம் தேவையில்லை. "நீங்க என்ன நெனைக்கிறீங்க ஐயா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். தனக்குத் தெரியும் என்பதை மகனிடம் மறைத்துக்கொண்டிருப்பார், மகனும் அவரிடம் மறைத்துக்கொண்டிருப்பார். "எல்லாம் சரியாயிடும்" என்ற வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள். அதோடு அவர் பேச்சை நிறுத்திக்கொள்வார். எங்கோ ஒரு ஊரில் லேகியம் சாப்பிட்டுக் குணமானவரைப் பற்றிய கதையும் வேண்டாம். அந்தக் கதையை நம்பி வளையலை விற்ற வீடுகள் நிறைய.

கவனித்துக்கொள்கிறவரையும் பார்க்கவேண்டும். பல மாதமாக அறையைவிட்டு நகராத மனைவிக்கு, "ரெண்டு மணி நேரம் நான் இருக்கேன் அக்கா, நீங்க குளிச்சிட்டுக் கோயிலுக்குப் போய்ட்டு வாங்க" என்பதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை. அரிசி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் போன்றவற்றைக் குழு மூலமாகத்தான் கொடுக்கவேண்டும். தன்னார்வலர் தனிப்பட்ட முறையில் பணம் கொடுத்தால் அடுத்த வருகையில் நோயாளியால் வலியைப் பற்றிக்கூட இயல்பாகப் பேச முடியாது. வருகிறேன் என்று சொன்ன நாளில் போகாமல் இருப்பது அதைவிட மோசம். செவ்வாய்க்கிழமை என்றால் அவர் காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாரம் ஐந்து நாள் வருகிறேன் என்று உற்சாகமாகத் தொடங்கி மூன்றாம் மாதம் காணாமல்போவதைவிட, வாரத்தில் ஒரே ஒரு நாள் இரண்டு மணி நேரம், வருடம் முழுவதும் தவறாமல் போவதே மேல்.

கடைசி நாட்களில் சாப்பாடு வேண்டாம் என்பார். "பட்டினி போட்டுக் கொன்னுட்டாங்கன்னு ஊர் பேசுமே" என்று வீட்டார் கரண்டியை வாயில் திணிப்பார்கள், புரையேறும். உடம்பு மூடிக்கொண்டு வருகிறது, அதனால் பசிக்கவில்லை. சாப்பிடாததால் உயிர் போகிறது என்பதில்லை என்று எடுத்துச் சொல்லவேண்டும். ஈரத்துணியால் உதட்டையும் நாக்கையும் நனைப்பது அப்போது சாப்பாட்டைவிட இதமானது. தொண்டையில் கர்கர் என்ற சத்தம் வரும், கேட்பவருக்குத்தான் வேதனை. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் பெரும்பாலும் குறையும். கை கால் குளிரும், சிறுநீர் குறையும். இதெல்லாம் வரும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குடும்பம், நடு இரவில் ஆம்புலன்ஸுக்கு ஓடாமல் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்கும். வீட்டில் இறந்தால் மரணக் காரணச் சான்றுக்கு யாரைக் கேட்பது என்பதையும் முன்பே முடிவு செய்துவைக்க வேண்டும்; பதிவுக்கு 21 நாள் அவகாசம். செவிலியரின் குறிப்பும் அந்த வீட்டு நோட்டும் அப்போது டாக்டருக்கு உதவும்.

காரியம் முடிந்து, கூட்டம் கலைந்தபின் ஒருமுறை போகவேண்டும். குழு கொடுத்திருந்த வாட்டர் பெட்டைத் திரும்ப எடுப்பதற்கும் அதுவே நேரம். சில வீடுகளில் அதைப் பார்க்கவே முடியாமல் மறுநாளே எடுத்துப்போகச் சொல்வார்கள், அப்படியென்றால் அன்றே போகலாம். மிஞ்சிய மார்ஃபினை நோட்டில் உள்ள எண்ணிக்கையோடு சரிபார்த்து, வாங்கிய மருத்துவமனைக்கே திருப்பிவிட வேண்டும். பெட்டின் மூடியைத் திறந்து வாசலில் சாய்த்துத் தண்ணீரை முழுவதும் வடியவிட்டு, சோப்பும் ப்ளீச்சிங் பவுடர் கரைசலும் போட்டுக் கழுவி, நிழலில் இரண்டு நாள் காயப்போட்டு, முகப்பவுடர் தூவி, மடிக்காமல் சுருட்டிவைக்க வேண்டும். மடித்தால் மடிப்பில் விரிசல் விடும், அடுத்த வீட்டில் ஒழுகும்.